செட்டியார் தெருவும் தூசு மூடிய விண்மீன் மண்டலங்களும்

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையைக் கண்டால், பக்கத்துக் கதவும் பெரும்பாலும் நகைக்கடைதான். நகரத்துக் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்திருந்தால் அப்படி அமையாது. விண்மீன் மண்டலங்கள், அதாவது நமது பால்வீதி போன்ற பெரும் விண்மீன் கூட்டங்கள், எவ்வளவு நெருங்கித் திரண்டிருக்கின்றன என்பதை வானியலாளர் அளப்பதும் இப்படித்தான். தற்செயலாக இறைத்தால் கிடைக்கும் சோடிகளைவிட, வானத்தில் எத்தனை சோடி கூட இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். இந்த எண்ணிக்கைக்குள் ஒரு மண்டலத்தின் எதிர்காலமே இருப்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நமது பால்வீதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சூரியன் அளவு வாயுதான் புது விண்மீன்களாகிறது. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்போ, ஆண்டுக்கு ஆயிரம் சூரியன் வரை பெற்றெடுத்த மண்டலங்கள் இருந்தன. அவ்வளவு வெளிச்சமும் நம் கண்ணுக்கு வருவதில்லை. இளம் விண்மீன்களின் நீல ஒளியையும் புறஊதாக் கதிரையும் சுற்றியுள்ள தூசு விழுங்கிவிடும். அதில் சூடேறியும் தூசு −240 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். அது உமிழ்வது தூர அகச்சிவப்புக் கதிர்.

அந்தக் கதிரைத் தரைக்கு வரவிடாமல் மறிப்பது காற்றிலுள்ள நீராவி, கொழும்பில் நம்மை வியர்க்க வைக்கும் அதே நீராவி. அதனால்தான் 3.5 மீற்றர் ஆடியுடன் ஹெர்ஷல் தொலைநோக்கியை 2009இல் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிறுத்தினார்கள். 2013இல் குளிரூட்டும் ஹீலியம் தீரும்வரை அது வானத்தைத் துழாவியது. படங்களில் ஒரு பொட்டுக்குள் பல மண்டலங்கள் கலந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கடைகள் ஆள்நடமாட்டம் உள்ள தெருவைத் தேடுவதுபோல, வாயுவும் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்) கனத்த இடத்தில்தான் சேரும். கனத்த கரும்பொருள் திரள்கள் தாமே நெருங்கி நிற்பவை. ஆகவே சோடிகள் மிகுந்தால், அங்கே கரும்பொருளும் மிகுதி. மிகப் பிரகாசமான தூசு மண்டலங்களைச் சூழ்ந்த கரும்பொருளின் நிறை, பல ஆய்வுகளில் சில இலட்சம் கோடி சூரியனிலிருந்து பத்து இலட்சம் கோடி வரை வருகிறது. அத்தகைய திரள் காலப்போக்கில் எவ்வளவு வளரும் என்பது கணினியில் கணக்கிடக்கூடியது. கணக்கை இன்றுவரை ஓட்டினால் வந்து நிற்பது பெரிய நீள்வட்ட மண்டலங்களில்: வாயு தீர்ந்து, புதுப் பிறப்பு ஏறக்குறைய ஓய்ந்த, சிவந்த முதிய மண்டலங்கள்.

அப்படியொன்று எம்87. கன்னி இராசிப் பக்கம், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு இரவு பதினொரு மணியளவில் கொழும்புக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். நகர வெளிச்சத்தைவிட்டு விலகினால் சிறு தொலைநோக்கியிலும் மங்கல் பஞ்சுத்துண்டாய்த் தெரியும்.