மாலை போடும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை

தைப்பூசம் நெருங்கும்போது, குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவதற்காகச் செட்டிநாட்டு ஊர்களில் பலரும் மாலை போட்டு விரதம் தொடங்குகிறார்கள். குடியை ஒரே நாளில் நிறுத்திவிட்டு வலிப்பு வந்தவர்களை எங்கள் மனநலப் பிரிவுக்குத் தூக்கிவருவதும் அந்த நாட்களில்தான்.

அவர்களில் ஒருவரைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் போடுபவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்ற வேண்டும். கை அசைந்தால் பூ கலங்கிவிடும். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் அந்தக் கை நிற்கும் என்றாகி இரண்டு ஆண்டுகள் கடந்தும், வீட்டில் யாரும் அதை நோயாகக் கருதவில்லை. “வருசா வருசம் மாலை போட்டா ஒரு சொட்டுத் தொட மாட்டாருங்க டாக்டர்” என்றார் மனைவி. இந்த முறை இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, வியர்த்து நனைந்த உடம்போடு பாயில் உட்கார்ந்து, இல்லாத அச்சில் இல்லாத வண்ணத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். சாமி குத்தமோ என்று அஞ்சிய வீட்டார், விடியும்வரை அவருக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்கள்.

அது குடி நின்றதால் வந்த மனக்குழப்பம். தினமும் மது தரும் மந்தத்துக்கு ஈடுகொடுக்க மூளை தன் விழிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது திடீரென நின்றதும் அந்த வேகத்தை அடக்க எதுவும் இருப்பதில்லை. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். குழப்பம் அதற்குப் பிறகு. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகக்கூடும் என்பதால், போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பி இருக்க முடியாது.

“ஒரு குவார்ட்டர்தான்” என்பார்கள். 42.8 சதவீத பிராந்தியில் 180 மி.லி. என்றால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால், அதுவே அதிகம். ஆயினும் நான் அளவைவிடக் காலையைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். எழுந்தவுடன் கை நடுங்குகிறதா, குமட்டுகிறதா, கொஞ்சம் குடித்ததும் அது அடங்குகிறதா? ஆம் என்றால், வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வேண்டாம்.

மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைக் கடத்திவிடலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்னும் பி1 ஊசி போடுவது முக்கியம். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் மனநல ஆலோசனையும் அதன்பின் மாதக்கணக்கில் தொடர வேண்டும். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச்செய்யும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பதை மட்டும், எத்தனை வேதனையில் இருந்தாலும், தயவுசெய்து செய்யாதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் நேரிடும். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

விரதத்தை நான் ஒருபோதும் தடுத்ததில்லை; நிறுத்தத் துணிந்த மனத்துக்கு அது பெரிய பலம். மார்கழி பிறந்ததும் என்னிடம் வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறேன்: மாலை எப்போது போடுகிறீர்கள், கடைசியாகக் குடித்தது எப்போது?