கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டியவன் கொட்டாவை பஸ்ஸில்

என் மச்சான் ஒருவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் பிறவிச் சிரமம். வயது 40 தாண்டிவிட்டது, கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை. வாயைத் திறந்தால் விடிய விடியக் கதை சொல்வான். எழுத்து மட்டும் சுணங்கித்தான் பிடிபடும். ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போக நின்றவன், அவசரத்தில் பலகையைப் பார்த்து ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான். நுகேகொடை வந்தபோதுதான் விளங்கியது, அது கொட்டாவை பஸ். (திரும்பி வரும்போது கொட்டாவி விட்டானா என்று வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டது.)

அவன் கவனமில்லாமல் ஏறினான் என்று நான் நினைக்கவில்லை. சொற்பொருளை அவனுடைய மூளை தேடும் விதம் அப்படி.

1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் ஒன்றைக் கண்டார்கள். வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்தால், சுமார் 400 மில்லிசெக்கனில், அதாவது அரை செக்கனுக்குள், மூளையில் ஒரு மின் அலை எழுகிறது. 'தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி குடை போட்டார்' என்று வாசித்ததும் உங்களுக்குள் ஏதோ இடறியதல்லவா? அதுதான். பெயர் என்400.

பின்லாந்து ஆய்வாளர்கள் 1999இல், டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களை வாசிக்கும்போது மூளையின் நுண்ணிய காந்தப்புலத்தை அளந்தார்கள். பொருளுக்கான அலை வரத்தான் செய்தது. ஆனால் ஏறக்குறைய 100 மில்லிசெக்கன் பிந்தி, கொஞ்சம் வலுக்குறைந்து வந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம்: எதிர்பார்த்த சொல்லைப் போலவே தொடங்கும் வேறு சொல் வந்தால், இவர்களின் மூளை சிலவேளை அதையே சரியான சொல்லென்று எடுத்துக்கொண்டது. நம் உதாரணத்தில் 'குடை'க்குப் பதில் 'சீலை' என்று போட்டுப் பாருங்கள். 'சீ' தெரிந்ததும் மனம் 'சீனி' என்று முடித்துவிடும்.

ஏன்? சரளமாக வாசிப்பவரின் மூளையில், இடப்பக்கப் பின்பகுதியின் அடியில் உள்ள ஓரிடம் சுமார் 150 மில்லிசெக்கனிலேயே எழுத்துக்கோவையை இனங்கண்டுவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அந்த வேலை பெரும்பாலும் மங்கலாகவே நடக்கிறது. ஆகவே எழுத்தைத் துண்டு துண்டாகப் பிடிக்கவேண்டியிருக்கிறது. முதல் துண்டு கிடைத்ததுமே, இடம் பொருள் பார்த்து மீதியைப் பொருளறிவு ஊகிக்கிறது. சொற்களஞ்சியம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதற்குப் போகும் எழுத்துவழிதான் குறுகல்.

எந்த மொழி என்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில், டிஸ்லெக்சியா உள்ள இத்தாலியர்கள் ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் விடப் பிழை குறைவாக வாசித்தார்கள். இத்தாலியத்தில் எழுதியபடியே உச்சரிப்பு. ஆனாலும் மூன்று கூட்டத்திலும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதிதான் மந்தமாக வேலைசெய்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகளைச் சுமக்கும் கொழும்புப் பிள்ளைக்கு ஒன்றில் பிழை குறைவாக வரலாம். அதை வைத்து, 'தமிழ் வாசிக்கிறான், ஆங்கிலத்தில்தான் சோம்பல்' என்று முடிவுகட்டுவது அநியாயம்.

மச்சான் இப்போது பலகையை வால் பக்கமிருந்து பார்க்கிறான். 'சேனை' இருந்தால் ஏறுவான்.