முளைப்பதற்கு முன்பே வளரும் விதை

"கொலம்பைன் விதைகளை விதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைகள் செத்துவிட்டனவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவசரப்பட்டுத் தொட்டி மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். மண்ணுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

கொலம்பைன் என்பது அக்விலேஜியா பேரினத்துச் செடி. வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் வளர்கின்றன. ஐந்து இதழ்களும் பின்புறமாக நீண்டு குழலாகி, அவற்றின் நுனியில் தேனைச் சேர்த்து வைத்திருக்கும். பல செடிகளைக் கலந்து நெருக்கமாக வளர்க்கும் பழைய பாணி வீட்டுத் தோட்டங்களில் இது நெடுங்காலமாக இடம்பிடித்த பூ.

நீர், காற்று, தகுந்த வெப்பம் மூன்றும் கிடைத்தால் விதை முளைக்கும் என்று பள்ளியில் படித்தோம். அவரை விதைக்கு அது போதும். அதன் உறையை உரித்தால் உள்ளே இருப்பது முழுக்க முளைக்கருதான். உணவைத் தன் இரண்டு பருத்த வித்திலைகளில் நிரப்பிக்கொண்டு தயாராக இருக்கிறது.

கொலம்பைன் விதையின் கதை வேறு. மினுமினுக்கும் அந்தக் கறுப்பு விதையை நெடுக்காக வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், ஏறக்குறைய முழுவதும் முளைசூழ்தசை என்னும் உணவுச் சேமிப்பாகவே தெரியும். முளைக்கரு எங்கே என்று தேட வேண்டும். நெல் மூட்டையின் மூலையில் ஒட்டியிருக்கும் எறும்பைப் போல, ஓரத்தில் ஒரு துளியாக இருக்கும். தாய்ச்செடி விதையை உதிர்க்கும்போது கரு இன்னும் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. ஈரமும் அந்த இனத்துக்கு ஏற்ற வெப்பநிலையும் கிடைத்த பிறகு, சுற்றியுள்ள உணவை நொதிகள் கரைக்க, அதை உறிஞ்சிக்கொண்டு கரு விதைக்குள்ளேயே நீள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே ஒரு செடி வளர்ந்துகொண்டிருக்கிறது! குறிப்பிட்ட நீளத்தை எட்டிய பிறகுதான் வேர்முனை உறையைப் பிளக்கும். இதைவிட அழகான பொறுமையை நான் தாவரவியலில் அதிகம் கண்டதில்லை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் முளைப்பதைத் தடுக்கிறது. ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன் முளைப்பதைத் தூண்டுகிறது. ஈரமான குளிர் நீடிக்கும்போது தராசு மெல்ல ஜிப்ரலின் பக்கம் சாய்கிறது. கோடையில் உதிரும் விதை உடனே முளைத்தால், இளங்கன்று கடும் பனியில் சிக்கும். குளிர்காலம் கடந்துவிட்டது என்பதற்கு விதை கேட்கும் சான்றுதான் இந்தக் குளிர்.

இங்கே 'ஈரமான' என்ற சொல் மிக முக்கியம். உலர்ந்த விதையைப் பொட்டலத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். ஈர மணலில் கலந்து, சுமார் 4 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு வாரங்கள் வைக்க வேண்டும். சில இனங்களுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். விதை நச்சுத்தன்மை உடையது என்பதால் அதை வைத்த டப்பாவின் மேல் பெயரெழுதி ஒட்டுங்கள். பிறகு மண்ணின் மேலேயே தூவி லேசாக அழுத்தினால் போதும், ஒளி பட்டால் நன்றாக முளைக்கும். 15 முதல் 20 டிகிரி வெப்பம் ஏற்றது. அதன்பின்னும் சில வாரங்கள் ஆகலாம்.

வளர்பிறையில் விதைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெப்பத்தையும் ஈரத்தையும் ஒளியையும் இத்தனை நுட்பமாக அளக்கும் விதையை ஏன் நேரடியாகக் கவனிக்கக் கூடாது? உயிரோடிருந்தும் முளைக்காமல் காத்திருக்கும் விதையின் இந்த உறக்கத்தைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதில் தயக்கம் காட்டப்படுவதும் எனக்கு வருத்தமே. பயிர்களின் உறக்கத்தை மனிதர் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பெரிதும் குறைத்துவிட்டோம். காட்டுச் செடிகள் அப்படியல்ல. அவற்றின் உறக்கம் புரியாவிட்டால், விதை வங்கியில் முளைக்காத விதை இறந்ததா உறங்குகிறதா என்றே சொல்ல முடியாது.

முளைத்த கன்று பெரும்பாலும் முதல் ஆண்டில் இலைகளோடு நின்றுவிடும். ஒரு குளிர்காலத்தைக் கடந்து மறு ஆண்டில்தான் பூக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சிறு கன்றாக இருக்கும்போதே இடம் மாற்றிவிடுங்கள். அருகருகே வெவ்வேறு இனங்கள் இருந்தால் எளிதில் கலந்துவிடும். நீலப் பூச்செடியில் எடுத்த விதை வேறு நிறத்தில் பூத்தால், விதை விற்றவரைக் குறை சொல்ல வேண்டாம். அது வண்டும் தேனீயும் செய்த வேலை.