நுரை இல்லாத பாறைக்குத்தான் பயப்பட வேண்டும்

ஆர்.வி.யில் பாத்திரம் கழுவும்போது கஞ்சத்தனம் தானாக வந்துவிடும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டிதான், ஆனால் தண்ணீர்த் தொட்டி சிறியது. அதனால் குழாயை ஒல்லியாகத்தான் திறப்போம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நியூ ரிவர் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தோம். காலையில் ஒரு தட்டைக் குழாய்க்குக் கீழே காட்டினேன். தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போல வழவழவென்று ஒரு வட்டம். அதன் விளிம்பில் சட்டென்று ஒரு சின்ன வரப்பு. வரப்புக்கு வெளியே தண்ணீர் தடித்து, மெதுவாகித் தளும்பியது. எல்லார் வீட்டிலும் தினமும் நடப்பதுதான், யாரும் நின்று பார்ப்பதில்லை. அன்று மதியம் ராஃப்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில், உட்கார்ந்து நாங்கள் அலறியதற்குக் காரணம் அந்த வரப்பின் பெரிய அண்ணன்.

ஆழம் குறைந்த தண்ணீரில் ஒரு அலை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் வினாடிக்குச் சுமார் 2.2 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் சுமார் 3.1 மீட்டர். ஆறு இதைவிட மெதுவாக ஓடினால், கீழே ஒரு தடை இருக்கிறது என்ற சேதி அலையாக மேலேறி வந்துவிடும். தண்ணீரும் முன்கூட்டியே மட்டம் உயர்ந்து, ஒதுங்கி, மரியாதையாகப் போகும். இதைவிட வேகமாக ஓடினாலோ, சேதி மேலே ஏறவே முடியாது. பாறை மேல் மெல்லிய தகடாகச் சரிந்து பாயும் தண்ணீருக்கு, கீழே ஆழமான மந்தமான நீர் காத்திருப்பது போய் முட்டும் வரை தெரியாது. முட்டிய இடத்தில் வேகம் சரேலென்று குறைகிறது, மட்டம் எகிறுகிறது. இதை நீர்த் தாவல் என்று சொல்லலாம். அதுவரை சேர்த்து வைத்த வேகத்தின் பெரும்பகுதியை ஆறு அங்கேதான் கொந்தளிப்பாகச் செலவழிக்கிறது.

(தட்டில் தெரிந்த வட்டமும் ஆற்றில் நடப்பதும் அச்சு அசல் ஒன்றல்ல. ஆற்றில் ராஜா புவியீர்ப்பு. குழாயடி அளவில் பரப்பு இழுவிசைதான் முக்கியம் என்று 2018-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி, அவ்வளவுதான்.)

அந்தக் கொந்தளிப்பு காற்றை உள்ளே இழுத்துக் குமிழிகளாக உடைக்கிறது. ஒவ்வொரு குமிழியும் ஒளியின் எல்லா நிறங்களையும் நாலாபக்கமும் சிதறடிப்பதால் தண்ணீர் வெள்ளையாகத் தெரிகிறது. கருப்பு டிகாஷனை ஆற்றினால் மேலே வரும் நுரை வெளுத்திருக்கிறதே, அதே கதை. ஆனால் படகில் இருப்பவருக்கு நிறத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: நுரைநீரில் பாதி காற்று. துடுப்பை அழுத்தினால் பிடிமானம் கிடைக்காது. உயிர்காப்பு உடுப்பும் அதில் வழக்கம் போலத் தூக்கிப் பிடிக்காது.

சரி, இந்த ஆற்றில் மட்டும் ஏன் இவ்வளவு? பெயர்தான் நியூ ரிவர். உலகின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்று என்கிறார்கள். வட கரோலினாவில் பிறந்து, அப்பலாச்சியன் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வடக்கே போகிறது. புளூஸ்டோன் அணையில் இருந்து காலி பிரிட்ஜ் ஊர் வரை சுமார் 80 கிலோமீட்டரில் 750 அடி இறங்குகிறது. பள்ளத்தாக்கின் உச்சியில் கெட்டியான மணற்கல் சுவர். அதிலிருந்து பெயர்ந்து விழுந்த, வீட்டளவு பெரிய பாறைகள் ஆற்றுக்குள் கிடக்கின்றன. சரிவு, குறுகல், பாறை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

படகை ஓட்டும் வழிகாட்டி பாறையைப் பார்ப்பதில்லை, தண்ணீரின் முகத்தைப் பார்க்கிறார். இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வழவழப்பான நாக்கு போல நீண்டு, கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி. கூர்முனை மேல்நோக்கி இருந்தால், அந்த முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் மட்டம் சற்றுத் தாழ்ந்திருப்பதால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பும். அதற்குள் படகைத் திருப்பிவிட்டால் வெள்ளத்தின் நடுவிலேயே நிறுத்தி மூச்சு வாங்கலாம். முதல் முறை பார்க்கும்போது மாயம் மாதிரி இருக்கும்.

வழிகாட்டிகள் 'ஹோல்' என்று சொல்வது நீர்த் தாவலின் முரட்டு வடிவத்தை. பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியாழத்துக்கு முங்கிப் போய்விடுகிறது. மேலே உண்டாகும் பள்ளத்தை நிரப்ப, கீழ்ப்பக்கத்து மேல்நீர் பின்னோக்கிச் சரிகிறது. மிதக்கிற எதுவும், படகோ ஆளோ, அந்தச் சரிவில் சிக்கினால் அங்கேயே புரளும். எல்லா ஹோலும் கெட்டதல்ல. மேலிருந்து வரும்போது இரு முனைகளும் கீழ்ப்பக்கமாக வளைந்து சிரித்த வாய் போலத் தெரிந்தால், சிக்கியவரை ஓரமாகத் தள்ளி வெளியே விட்டுவிடும். முனைகள் நம் பக்கம் வளைந்து உம்மென்று இருந்தால், ஓரத்துக்குப் போனவரையும் நடுவுக்கே இழுத்துவரும். கரைக்குக் கரை நேர்கோடாக இருக்கும் சின்னத் தடுப்பணைகளின் கீழே முனையே கிடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும் அவைதான் ஆட்களை விடாமல் புரட்டிக் கொல்பவை.

எனக்கு அன்று உறைத்த விஷயம் வேறு. தண்ணீர் ஒரு பாறையில் மோதி எகிறி, தலையணை போல நுரைமெத்தை ஒன்றைக் கட்டியிருந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். வழிகாட்டியோ அதைப் பார்த்து அசட்டையாக இருந்தார். மோதிய நீர் திரும்பி வருகிறது என்றால், பாறை கெட்டியானது, மெத்தையே படகைத் தள்ளிவிடும். ஓரமாக, சத்தமில்லாமல் நின்ற ஒரு பாறையைக் காட்டித்தான் "அந்தப் பக்கம் போகவே கூடாது" என்றார். ஆறு நேராகப் போய் மோதுகிறது, ஆனால் நுரையே எழவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது? பாறைக்கு அடியில். மணற்கல்லின் அடிப்பகுதியை ஆறு அரித்துக் குடைந்து வைத்திருக்கிறது. தண்ணீர் நுழைந்து போய்விடும், ஆள் போக முடியாது.

இதனால்தான் கவிழ்ந்தால் மல்லாந்து, கால்களைக் கீழ்நோக்கி நீட்டி, பாதம் நீருக்கு மேலே தெரிய மிதக்கச் சொல்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று எழுந்து நின்றால், பாதம் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து ஆறு முதுகைத் தள்ளும். ராஃப்ட் அந்த அளவுக்கு நம்மைச் சோதிப்பதில்லை. அதன் காற்றடைத்த தரை ஆற்று மட்டத்துக்கு மேலேயே நிற்பதால், உள்ளே கொட்டும் தண்ணீர் ஓரத்துத் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும்.

மதியம் கரையேறும் இடத்துக்கு அருகில் தலைக்கு மேலே, 876 அடி உயரத்தில் நியூ ரிவர் ஜார்ஜ் பாலம். 1977-ல் திறந்தது, ஒரே வளைவு 1,700 அடி. பெயின்ட் அடிக்காத எஃகு. மேலே படியும் துருவே கெட்டியான தோலாகி உள்ளே இருப்பதைக் காக்கும். பாலம் வருவதற்கு முன் ஆற்றைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும், இப்போது ஒரு நிமிடம். பழைய வழியான ஃபயேட் ஸ்டேஷன் சாலை இன்னும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளுடன் ஒடுங்கிக் கீழே இறங்கும் அதில் ஆர்.வி.யைக் கொண்டுபோக நினைப்பது வீண் வம்பு. சின்னக் காரில் போகலாம்.

அன்று காலை வழிகாட்டி முதலில் பார்த்தது வினாடிக்கு எத்தனை கன அடி என்ற எண்ணை. மேட்டூர் அணைச் செய்தியில் நாம் தினமும் படிக்கிற அதே அலகு. ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவதும் இந்த எண்ணை வைத்துத்தானே. நீர் கூடினால் எல்லாமே முரடாகும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லையாம். சில பாறைகள் முழுக்க மூழ்கி அந்த இடம் அமைதியாகிவிடும். இன்னொரு இடத்தில், நேற்று வரை வெளியே நின்ற பாறை மேல் புதிதாக நீர் வழிந்து ஒரு ஹோல் பிறந்திருக்கும். ஒரே ஆறுதான், எண் மாறினால் வரைபடமே மாறுகிறது.

பக்கத்தில் ஓடும் 'காலி' (Gauley) என்ற ஆற்றில் அந்த எண்ணையே மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். 1966-ல் திறந்த சம்மர்ஸ்வில் அணை வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியது. குளிர்கால வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்பதால் இலையுதிர் காலத்தில் ஏரியைச் சுமார் 75 அடி இறக்குவார்கள். எப்படியும் திறக்கப் போகிற தண்ணீர்தானே என்று, செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளில் அதை ராஃப்டிங்குக்காகக் கணக்காகத் திறந்துவிடுகிறார்கள். வழக்கமான அளவு வினாடிக்கு 2,800 கன அடி, அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ஆறரை. குழாயை மூடினால் அடுத்த நாள் அதே பாறைகள் ஈரம் காய்ந்து வெயிலில் கிடக்கும்.