ஒட்டி ஓட்டுதல்: 'டெயில்கேட்டிங்' என்ற சொல்லும் அதற்குரிய தமிழும்

முன்னே செல்லும் வாகனம் திடீரென நின்றால் தான் நிற்பதற்கு இடமில்லாத அளவுக்கு அதன் பின்புறத்தை நெருங்கி, அந்த நெருக்கத்தைக் குறைக்காமலே தொடர்ந்து வாகனம் செலுத்துவதை ஆங்கிலத்தில் 'டெயில்கேட்டிங்' என்கிறார்கள். இலங்கையின் மலையக வீதிகளில் இதைக் காணாத நாளில்லை. ஆயினும் 'ஓவர்டேக்' என்ற சொல் பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் புழங்கும்போது, அந்த ஓவர்டேக்குக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்தான நிமிடங்களுக்கு நம்மிடம் நிலைத்த பெயர் ஒன்று இல்லை. பெயரில்லாத தவறைச் சுட்டிக்காட்டுவது கடினம் என்பதால்தான் இச்சொல்லை ஆராய வேண்டியிருக்கிறது.

'டெயில்' என்பது வால். 'கேட்' என்பது கதவு. இரண்டும் சேர்ந்து, வண்டியின் அல்லது லொறியின் பின்புறத்தில் கீழ்நோக்கித் திறக்கும் பலகையைக் குறிக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் கொழுந்து லொறியின் பின்னால் நின்று பார்த்தால் அந்தப் பலகை கண்ணுக்கு நேரே தெரியும்: அடியில் கீல்கள், இரு பக்கமும் கொக்கி மாட்டிய சங்கிலி, மேலே பிதுங்கி நிற்கும் கொழுந்துச் சாக்குகள். முன்வண்டியின் அந்தப் பலகையோடு முட்டும்படி வருகிறவன் என்ற பொருளில், பலகையின் பெயரே 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீதிகளில் வினைச்சொல்லானது. பாதுகாப்புள்ள கட்டடத்துக்குள் ஒருவர் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்க, மற்றவர் அவர் முதுகோடு ஒட்டி உள்ளே நுழைவதற்கும் இன்று இதே சொல்லே வழங்குகிறது.

இதை 'வாற்கதவிடல்' என்று பெயர்த்தால் எவருக்கும் பொருள் விளங்காது. 'வால்பிடித்தல்' காதுக்குப் பழகிய சொல்தான். ஆனால் செல்வாக்குள்ளவர் பின்னால் காரியத்துக்காகத் திரிவதற்கு அது ஏற்கெனவே உரியதாகிவிட்டது. 'பின்தொடர்தல்' குற்றமற்ற செயலையும் குறிக்கும். இரண்டு வாகனங்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்று போவதும் பின்தொடர்தலே. 'பின்னொட்டு' இலக்கணத்துக்குச் சொந்தம். இவற்றை விடுத்து, 'ஒட்டி ஓட்டுதல்' என்பதையே நான் முன்வைக்கிறேன். மலையகப் பேச்சில் 'ஒட்டிக்கிட்டே வர்றான்' என்பது ஏற்கெனவே உள்ள வழக்கு. எழுத்துக்கு அதைச் சற்றே திருத்தினால் போதும். இதன் எதிர்ச்சொல்லும் அதே பேச்சில் கிடைக்கிறது: 'விட்டுப் போங்க'. ஒட்டுதல், விடுதல் என்ற இந்த இணையில் இடைவெளி என்ற கருத்து முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல் பலகையைப் பார்க்கிறது. நம் சொல் இடைவெளியைப் பார்க்கிறது. அதனாலேயே நம் சொல் மேலானது என்று கருதுகிறேன்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பஸ் ஒன்றில், சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில் அமர்ந்து ஒருமுறை வந்தேன். முன்னே ஒரு லொறி. அதன் சாரதி நெடுஞ்சரிவில் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தார்: பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், கியரைக் குறைத்து என்ஜினின் இழுவையால் வேகத்தை அடக்கினார். பிரேக் மிதிபடாததால் பின்புறச் சிவப்பு விளக்கு எரியவில்லை. சிவப்பு விளக்கை மட்டுமே நம்பி ஒட்டி வந்த எங்கள் சாரதிக்கு, லொறி தளர்ந்தது தெரிந்தபோது பின்பலகையின் சங்கிலிக் கண்ணிகளை எண்ணிவிடும் தூரந்தான் எஞ்சியிருந்தது. நின்றுகொண்டிருந்த பயணிகள் முன்னோக்கிச் சரிந்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டார். மோதவில்லை. ஆனால் ஒட்டி ஓட்டுதல் சமவெளியைவிட மலையில் ஏன் பெரிய பிழை என்பது எனக்கு அன்று விளங்கியது.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 10 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும் என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே அந்த 10 மீற்றர் போய்விடும். முன்வாகனம் கடந்த கம்பத்தைத் தான் கடக்கக் குறைந்தது இரண்டு செக்கன் ஆகவேண்டும் என்ற விதி இதனால்தான் சொல்லப்படுகிறது. 60 கிலோமீற்றரில் அது ஏறத்தாழ 33 மீற்றர். மழையிலும் மூடுபனியிலும் அதை இரட்டிப்பாக்க வேண்டும். ஏற்றத்திலோ, நின்ற லொறி மீண்டும் கிளம்பும்போது சற்றுப் பின்னே உருளக்கூடும். அதற்கும் இடம் விட்டே நிற்க வேண்டும்.

முந்துதலுக்கு வருவோம். 'ஓவர்டேக்' என்பதன் பழைய பொருள் எட்டிப் பிடித்தல். தாண்டிச் செல்லல் என்பது பின்னர் வந்தது. தமிழில் 'முந்தி' என்றால் முன்னால் என்றும் முற்காலத்தில் என்றும் பொருள்படும். சிங்களத்தில் முந்துவதை 'இஸ்ஸர கரனவா' என்பார்கள்; அங்கும் 'இஸ்ஸர' என்பது முற்காலத்தையும் குறிக்கும். ஒரே பஸ்ஸில் பயணிக்கும் இரு மொழியினரின் சொற்களும் இப்படி ஒத்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் முந்துதலில் போட்டியின் சாயல் இருப்பதால், விதிகளை எழுதும்போது 'கடந்து செல்லல்' என்பதையே பயன்படுத்தலாம்.

அமெரிக்கர் 'பாஸிங் லேன்' என்பதை நம்மவர் பலர் 'வேகப் பாதை' என்கிறார்கள். இது தவறான சொல்; வேகமாகப் போகிறவனுக்கு அந்தத் தடம் உரியது என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. இடப்பக்கம் செலுத்தும் நம் நாட்டில், 2022இல் திறக்கப்பட்ட மீரிகம–குருநாகல் பகுதி போன்ற அதிவேக நெடுஞ்சாலைகளில் வலத்தடம் கடப்பதற்கானது; கடந்ததும் இடத்தடத்துக்குத் திரும்பவேண்டும். 'கடக்கும் தடம்' என்றால் அந்தக் கடமையும் சொல்லிலேயே வந்துவிடும். மலையகத்தின் இருதட வீதிகளிலோ தனியான கடக்கும் தடம் கிடையாது. எதிரே வருகிறவரின் தடத்தையே சில செக்கன்களுக்கு இரவல் வாங்குகிறோம். நடுவில் தொடர்ச்சியான வெள்ளைக்கோடு இருக்குமிடத்தில் அந்த இரவலும் இல்லை.

முன்னே மெதுவாகச் செல்பவர் அகன்ற இடத்தில் ஒதுங்கி, வலக்கையை அசைத்து வழிவிடுவதை நம் வீதிகளில் இன்றும் காணலாம். அங்கும் 'விடு' என்ற அதே வினைதான். பின்னவர் இடைவெளி விட, முன்னவர் வழி விடுகிறார். சாரதிப் பயிற்சிக் கையேடுகள் 'ஒட்டி ஓட்டாதீர்' என்பதோடு 'விட்டு ஓட்டுக' என்பதையும் அச்சிட்டால், மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ புதிதாகப் பழகும் இளைஞருக்கு அதை விளக்க வேறு சொல் தேவைப்படாது.