மூன்றரை ஆள் தங்கும் வீடு

1862இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கென்று ஒரு போலீஸ் சட்டம் வந்தது. பெயர்தான் போலீஸ் சட்டம். அதில் ஒரு பகுதி, வீட்டுக்குள் ஆளுக்கு எவ்வளவு காற்று என்பதைப் பற்றியது. மூன்று அறைக்கு மேற்படாத, மொத்தம் 2,000 கன அடியைத் தாண்டாத வீடுகளை நகர அதிகாரிகள் அளந்து, வாசற்கதவில் ஒரு உலோகத் தகட்டை அடித்துவிட்டுப் போகலாம். வீடு எத்தனை கன அடி, அதில் எத்தனை பெரியவர்கள் தூங்கலாம் என்ற இரண்டு எண்களும் தகட்டில் இருக்கும். பெரியவருக்கு 300 கன அடி, 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி.

14 அடி நீளம், 10 அடி அகலம், ஏழரை அடி உயரம் உள்ள ஒற்றை அறை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1,050 கன அடி. 300ஆல் வகுத்தால் மூன்றரை ஆள். அரை ஆள் கணக்கையும் தகட்டில் அப்படியே போட்டார்கள். அப்பா, அம்மா, மூன்று சின்னப் பிள்ளைகள் என்றால் கணக்கு சரியாக முடிந்துவிடும். ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கினால் சட்டமீறல்.

இதைச் சரிபார்ப்பது சுகாதார ஆய்வாளர்களின் வேலை. பகலில் சாக்கடை, கழிப்பிடம், குப்பைக் குவியல், மாடிப்படிச் சுத்தம் என்று அவர்களுக்கு ஆயிரம் வேலை இருந்தது. ஆனால் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதைப் பகலில் எண்ண முடியாதே. அதனால் ஊர் அடங்கிய பிறகு விளக்கோடு கிளம்புவார்கள். கதவைத் தட்டி, உள்ளே போய், தலைகளை எண்ணுவார்கள். காலடிச் சத்தம் படிக்கட்டில் கேட்டதுமே உள்ளே ஆட்கள் மறைய ஆரம்பித்துவிடுவார்கள். கட்டிலுக்கு அடியில், சுவர் அலமாரிக்குள், சில சமயம் கூரை மேலேகூட ஆள் ஒளிந்திருப்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் வாடகையில் பங்கு கொடுத்து ஒண்டிக்கொண்டிருந்தவர்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் நிறைய. பிடிபட்டால் வழக்கு, அபராதம். நள்ளிரவில் ஏழைகளின் வீட்டை மட்டும் தட்டலாம் என்று ஒரு சட்டம் சொன்னது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பெரிய வீடுகளுக்குத் தகடும் இல்லை, விளக்கோடு வருகிறவரும் இல்லை.

சரி, 300 கன அடி என்பது உடம்புக்குப் போதுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அசையாமல் படுத்திருக்கும் ஒரு பெரியவர் மணிக்கு ஏறக்குறைய 0.6 கன அடி கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுகிறார். பெட்டி முழுக்க மூடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த வாயு பத்து லட்சத்துக்கு 2,000 பங்கு ஏறிவிடும். வெளிக்காற்றில் அன்று இருந்ததே 300 பங்கை ஒட்டித்தான்.

ஜெர்மனியில் மூனிச் நகர வேதியியலாளர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே இதை அளந்து எழுதியிருந்தார். 1,000 பங்கைத் தாண்டினால் அறைக்காற்று கெட்டுவிட்டது என்பது அவர் வைத்த எல்லை. இந்த அளவில் கார்பன் டை ஆக்சைடே விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனிதர்கள் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். கொரோனா காலத்தில் வகுப்பறைகளில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அன்றைக்கு மீட்டர் கிடையாது. சுண்ணாம்பு நீர்தான். பாட்டிலில் அறைக்காற்றைப் பிடித்து, தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினால், வாயு அதிகமிருக்கும்போது நீர் பால்போல் மாறும். பாட்டிலின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த அளவில் கலங்குகிறது என்பதை வைத்து எவ்வளவு வாயு என்று கணிக்கும் முறையை மான்செஸ்டரில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் உருவாக்கினார்.

இங்கேதான் தகட்டுக் கணக்கின் ஓட்டை தெரிகிறது. அறை பெரிதாக இருந்தால் காற்று கெடுவதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கத் தூங்குகிற இடத்தில் கடைசியில் காற்று எவ்வளவு கெடும் என்பதைத் தீர்மானிப்பது மணிக்கு எவ்வளவு புதுக்காற்று உள்ளே வருகிறது என்பதே. இங்கிலாந்து ராணுவ மருத்துவர் டி ஷோமோன் ஆளுக்கு மணிக்கு 3,000 கன அடி புதுக்காற்று வேண்டும் என்றார். 300 கன அடி அறையில் அது நடக்க வேண்டுமானால், அறைக்காற்று மணிக்குப் பத்து முறை முழுசாக மாற வேண்டும். கிளாஸ்கோ குளிரில் யார் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்? கணப்பில் நிலக்கரி எரியும்வரை புகைபோக்கி காற்றை மேலே இழுக்கும், கதவிடுக்கு வழியாகப் புதுக்காற்று வரும். தீ அணைந்ததும் அந்த இழுப்பும் குறைந்துவிடும். இது எதையும் தகடு அளக்கவில்லை.

ஆனாலும் அந்த எண் வேறொன்றை நன்றாகவே அளந்தது: உடம்புக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை. அந்த நகரத்தை அப்போது ஆட்டிப்படைத்தது டைஃபஸ் காய்ச்சல் (டைஃபாய்டு வேறு). நெரிசலான அறையின் கெட்ட காற்றுதான் காரணம் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். உண்மையில் அதைப் பரப்பியது சீலைப்பேன். துணி மடிப்பில் வாழும், இரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வரும். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலோ, உயிர் போய் உடம்பு குளிர்ந்தாலோ, அதற்கு அந்த இடம் பிடிக்காது. பக்கத்தில் ஒட்டிப் படுத்திருப்பவரிடம் தாவாமல் ஊர்ந்தே போய்ச் சேர்ந்துவிடும். அதன் எச்சத்தில்தான் கிருமி இருக்கிறது, சொறியும்போது தோலுக்குள் இறங்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் நிக்கோல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் இதைக் கண்டறிந்தது 1909இல். அதற்குள் கிளாஸ்கோவில் டைஃபஸ் பெரும்பாலும் அடங்கியிருந்தது. நோய் வந்த வீட்டின் துணிகளை எடுத்துப்போய் நகரத்தின் சலவையகத்தில் வெந்நீரில் போட்டது, ஆட்களைக் கலைத்தது, 1859 முதல் கட்ரின் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது எல்லாமே பேனுக்கு எதிரான வேலையாக அமைந்துவிட்டன. நாற்றத்தை விரட்டப் போனவர்கள் பேனைக் கொன்றார்கள்.

நகரின் சுகாதார அதிகாரி ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல் 1888இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு. நகர மக்களில் 25 சதவீதம் பேர் ஒற்றை அறை வீடுகளில் இருந்தார்கள். ஐந்து வயது முடியுமுன் இறந்த குழந்தைகளில் 32 சதவீதம் அந்த வீடுகளில் இறந்தன. ஐந்து அறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் 8 சதவீதம் மக்கள் இருந்தார்கள். குழந்தைச் சாவில் அவற்றின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. இதற்கு நெரிசல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடும் கூலியும் இதற்குள் இருக்கின்றன. தட்டம்மையும் கக்குவானும் இருமலோடு பரவும் நோய்கள், ஒரே அறையில் அதைத் தடுக்க வழியே கிடையாது என்பதும் உண்மை.

1890இல் ஆளுக்கு 300 என்பதை 400 கன அடியாக உயர்த்தினார்கள். நம் 1,050 கன அடி வீடு மூன்றரை ஆளிலிருந்து இரண்டரை ஆளுக்கு இறங்கியது. அறை ஓர் அங்குலமும் வளரவில்லை. வெளியேறச் சொன்ன ஆட்கள் எங்கே போவார்கள்? அடுத்த சந்தில் இன்னொரு தகட்டு வீட்டுக்குத்தான். 1866இல் வந்த நகரச் சீரமைப்புச் சட்டத்தின்படி பழைய குடியிருப்புகளை இடிக்கத் தொடங்கிய நகராட்சி, தானே வீடு கட்ட இறங்கியது 1880களின் கடைசியில். அதிலும் வாடகை, நிலையான கூலி உள்ள தொழிலாளிக்குக் கட்டுபடியாகும் அளவில் இருந்தது. அலமாரிக்குள் ஒளிந்தவருக்கு எட்டும் அளவில் இல்லை.