தேர்வுக்குழுவைச் சட்டம் எங்கே பிடிக்கும்?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) அரையிறுதிக்குத் தேர்வான நான்கு அணிகளின் பெயர்கள் தொலைக்காட்சியில் வந்தன: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. அந்த சீசனில் ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று, தன் கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாம்பியன் பட்டத்தையும் வாங்கிய அணி அது. ஆளுக்கொரு ஆட்டம் தோற்ற டெக்சஸும் அலபாமாவும் உள்ளே போக, ஒன்றுகூடத் தோற்காத அணி வெளியே நின்றது.

பத்து நாளுக்குள் ஃபுளோரிடா மாநிலத்தின் பெரிய தலைகள் களத்தில் இறங்கிவிட்டன. செனட்டர் ரிக் ஸ்காட், தேர்வுக்குழு உறுப்பினர்களின் மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வெளியிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆளுநர் ரான் டிசான்டிஸ், வழக்குச் செலவுக்கென்று பட்ஜெட் முன்மொழிவில் 10 லட்சம் டாலர் ஒதுக்கினார். அப்போது அவர் அதிபர் வேட்பாளர் போட்டியிலும் இருந்தார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். டிசம்பர் 12 அன்று மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆஷ்லி மூடி, ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையைத் தொடங்கினார். அவர் படித்தது ஃபுளோரிடா ஸ்டேட்டின் பரம எதிரியான ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில்!

ஒரு விளையாட்டுத் தேர்வை எதிர்த்து அரசு எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியும்? அதற்கு முதலில் தேர்வு நடக்கும் விதம் தெரிய வேண்டும்.

குழுவில் 13 பேர். கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் வீரர்கள் என்று கலந்து இருப்பார்கள். டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனக்குச் சிறந்தவையாகப் படும் ஆறு அணிகளை எழுதித் தருவார்கள். அதிக ஓட்டு வாங்கிய ஆறு அணிகளை எடுத்து, எல்லோரும் 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். எண்களின் கூட்டுத்தொகை எந்த மூன்று அணிகளுக்குக் குறைவோ, அவை முதல் மூன்று இடங்களைப் பிடிக்கும். மீதி மூன்று அணிகள் அடுத்த சுற்றுக்குப் போய், புதிதாக வரும் மூன்றோடு மறுபடி மோதும். ஆக, அன்றைய முறைப்படி நான்காவது இடம் தீர்மானமாவது இரண்டாவது சுற்றில்தான். ஓட்டு ரகசியம், யார் யாருக்கு எத்தனாவது எண் போட்டார்கள் என்று வெளியே வராது.

எதை வைத்து எண் போடுவது? வெற்றி தோல்வி, எதிரணிகளின் பலம், கான்ஃபரன்ஸ் பட்டம், நேருக்கு நேர் ஆடிய முடிவு. இவற்றோடு இன்னொரு வரியும் விதியில் உண்டு: முக்கிய வீரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போனது அணியின் ஆட்டத்தைப் பாதித்திருந்தாலோ, இனிப் பாதிக்கும் என்றாலோ அதையும் கணக்கில் எடுக்கலாம். ஃபுளோரிடா ஸ்டேட்டைக் கவிழ்த்தது இந்த வரிதான். அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்று கால் முறிந்து விழுந்தார். அவருக்கு அடுத்தவரும் அடிபட, மூன்றாவது ஆளான ஒரு முதலாம் ஆண்டு மாணவரை வைத்துக்கொண்டு லூயிவில் அணியை 16–6 என்று தட்டுத்தடுமாறி வென்றார்கள். டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்று குழு முடிவு கட்டியது. அநியாயம் என்று நானும் சொல்வேன். ஆனால் விதிமீறல் என்று சொல்ல வழியில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தைக் காட்டி முறையான விசாரணை கேட்க முடியுமா? முடியாது. அந்த உரிமைகள் அரசு அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்சிஏஏ கூட அரசின் கரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல், கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜெரி டார்கேனியன் வழக்கில் 5–4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தப் பிளேஆஃப், அதாவது அரையிறுதியும் இறுதியும் கொண்ட பட்டப் போட்டி, என்சிஏஏவுடையதும் இல்லை. பத்து கான்ஃபரன்ஸ்களும் நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் தனியார் ஏற்பாடு. ஒப்பந்தத்தைக் காட்டலாமா என்றால், தோற்காத அணிக்கு இடம் உண்டு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டமும் அதை ஒட்டிய மாநிலச் சட்டங்களும். போட்டியாளர்கள் கூடிப் பேசி வணிகத்தை முடக்கக் கூடாது என்பது அதன் சாரம். இங்கேதான் விளையாட்டு சட்டத்தைத் திணறடிக்கிறது. இரண்டு சிமெண்ட் கம்பெனிகள் உட்கார்ந்து விலை பேசினால் குற்றம். இரண்டு அணிகள் உட்கார்ந்து பேசாவிட்டால் ஆட்டமே இல்லை. எத்தனை பேர் ஆடுவது, யார் யாரோடு மோதுவது என்று எல்லாமே போட்டியாளர்களின் கூட்டு முடிவுதான்.

1984இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக நிர்வாகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. விளையாட்டு நடக்கத் தேவையான கூட்டு முடிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்க வேண்டாம், ஒவ்வொன்றின் நன்மை தீமையை எடைபோட்டுப் பார்க்கலாம் என்றது. அப்படிப் பார்த்து, எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்று என்சிஏஏ போட்டிருந்த வரம்பை 7–2 என்று உடைத்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் பெயர்பெற்ற கால்பந்து வீரர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே ஒளிபரப்பு உரிமையை விற்றுக் கொழுத்தன.

அதே தராசில் ஃபுளோரிடா ஸ்டேட்டை வைத்தால்? முதல் படியிலேயே சிக்கல். எனக்கு நஷ்டம் என்று சொன்னால் போதாது, சந்தையில் போட்டியே கெட்டது என்று காட்ட வேண்டும். அரையிறுதிக்குப் போன ஒவ்வொரு அணிக்காகவும் அதன் கான்ஃபரன்ஸுக்கு 60 லட்சம் டாலர் கிடைத்தது, பிளேஆஃபுக்கு வெளியே பெரிய பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) போன அணிக்காக 40 லட்சம். நஷ்டம் நிஜம். ஆனால் பந்தியில் நாலு இலை போட்டால் ஐந்தாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும். அவர் பெயர் அலபாமாவா ஃபுளோரிடா ஸ்டேட்டா என்பதால் சந்தை சுருங்கியது என்று நீதிபதியை நம்பவைப்பது கடினம். தேர்வில் வெளியார் பணமோ ரகசியப் பேச்சோ புகுந்தது என்று ஆவணம் கிடைத்தால் கதை மாறும்.

ஆஷ்லி மூடி கையில் எடுத்த ஆயுதம் அந்த ஆவணத்துக்கானது. வழக்கே போடாமல், வழக்குக்கு முன்பே, ஆவணங்களையும் எழுத்துப்பூர்வமான பதில்களையும் கேட்கும் அதிகாரத்தை ஃபுளோரிடா சட்டம் அட்டர்னி ஜெனரலுக்குத் தருகிறது. அவர் அனுப்பிய ஆணை, குழு உறுப்பினர்கள் கான்ஃபரன்ஸ்களோடும் என்சிஏஏவோடும் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியோடும் தேர்வு பற்றிப் பேசியவை, ஓட்டு விவரம், உறுப்பினர்களுக்குப் போன பணம், சொந்த நலன் குறுக்கிடாமல் இருக்க வைத்த விதிகள் எல்லாவற்றையும் கேட்டது. கடிதம் எழுதிய செனட்டருக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். இந்த ஆணையை அப்படி ஒதுக்கினால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அரசியல்வாதியின் சத்தத்துக்கும் சட்ட அதிகாரத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

காலண்டர் மட்டும் யாருக்கும் காத்திருக்காது. அரையிறுதி ஜனவரி 1. இப்படிப்பட்ட விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. டிசம்பர் 30 அன்று ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில், பல முன்னணி வீரர்கள் ஆடாமல் விலகிக்கொள்ள, ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63–3 என்று நொறுங்கியது.

உடனடியாக எதுவும் மாறாது என்றாலும், இத்தகைய தலையீடு வீண் என்று நான் நினைக்கவில்லை. 2008 சீசனில் யூட்டா பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களையும் வென்றும் பட்டப் போட்டிக்குக் கூப்பிடப்படவில்லை. அப்போது இரண்டே அணிகள்தான். கருத்துக்கணிப்பும் கணினித் தரவரிசையும் சேர்ந்து தீர்மானித்தன. யூட்டா செனட்டர் ஆரின் ஹாட்ச் 2009இல் செனட்டில் விசாரணை வைத்தார். டெக்சஸ் எம்.பி. ஜோ பார்ட்டன் ஒரு சாமர்த்தியமான மசோதா கொண்டுவந்தார்: பிளேஆஃப் வைக்காமல் ஒரு ஆட்டத்தை ‘தேசிய சாம்பியன்ஷிப்’ என்று விளம்பரம் செய்தால் அது நுகர்வோரை ஏமாற்றுவது. மசோதா துணைக்குழுவைத் தாண்டி, பிறகு படுத்துவிட்டது. 2011 மே மாதம் மத்திய அரசின் நீதி அமைச்சகமே என்சிஏஏ தலைவருக்கு ஏன் பிளேஆஃப் இல்லை என்று கேட்டு எழுதியது. 2012 ஜூனில் நான்கு அணி பிளேஆஃபுக்கு ஒப்புதல் வந்தது. சட்ட பயம் பாதி, தொலைக்காட்சிப் பணம் பாதி என்பது என் கணிப்பு. 12 அணிகளாக விரிப்பது 2022லேயே முடிவாகி, 2024 சீசனில் நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரிடா ஸ்டேட் மாட்டிக்கொண்டது நான்கு அணி முறையின் கடைசி ஆண்டில்.

அந்தப் பல்கலைக்கழகம் 2023 டிசம்பர் 22 அன்று ஒரு வழக்கு போட்டது. தேர்வுக்குழு மேல் அல்ல, தன் சொந்த கான்ஃபரன்ஸான ஏசிசி மேல். விலகிப் போக 57.2 கோடி டாலர் ஆகும் என்றும், தன்னை அப்படிக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்றும் வாதிட்டது. இது ஒப்பந்தச் சண்டை. நீதிமன்றங்களுக்குப் பழகிய ரகம். 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. தொலைக்காட்சியில் அதிகம் பேர் பார்க்கும் அணிக்கு அதிகப் பங்கு, விலகும் கட்டணம் 16.5 கோடியில் தொடங்கி ஆண்டுக்கு 1.8 கோடி வீதம் இறங்கி 7.5 கோடி டாலருக்கு வரும்.